ரிஷிமூலமும் மாஸ்கிங் டேப்பும்: பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களை வாசிப்பது குறித்து

விற்பவர் எழுதியிருந்த குறிப்பில் இரண்டே வார்த்தைகள்தான் தடித்த எழுத்தில் இருந்தன: 'முழுக்க அசல்'. 1955ஆம் வருடத்து ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப்ளிஃபயர், ஒரே வீட்டில் இருந்தது, எதுவும் மாற்றப்படவில்லை என்று மீதி வரிகள். கனடாவில் இருக்கும் நண்பர் ஒருவர் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அதன் உள்பக்கப் புகைப்படங்கள் பன்னிரண்டை எனக்கு அனுப்பி, "பாத்துச் சொல்லுங்க, நம்பலாமா?" என்று கேட்டிருந்தார். எனக்கும் கிதாருக்கும் சம்பந்தமில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மைக் செட் கடையில் நான்கு வருஷம் ஈயம் வைத்தவன் என்பதுதான் ஒரே தகுதி. கூம்பு ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் பழக்கமானவை என்பதால் அந்தப் புகைப்படங்களுக்குள் நுழைவது எனக்குக் கஷ்டமாக இல்லை. நுழைந்தபின் வெளியே வருவதுதான் கஷ்டமாகிவிட்டது.

முதலில் தேதி விஷயத்தை முடித்துவிடுகிறேன். இந்த ஆம்ப்ளிஃபயர்களின் பெட்டிக்குள், பக்கச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கும். எந்தக் குழியில் எந்த வால்வைச் செருகுவது என்று காட்டும் அட்டவணை அது. அதில் மாடலின் பெயருடன் ஒரு குறியும் இருக்கும். நண்பருடையதில் 5ஈ3 என்று இருந்தது. முதல் எண் ஐம்பதுகள் என்ற பத்தாண்டைக் குறிக்கிறது, நடுவில் உள்ள எழுத்து மின்சுற்றின் திருத்தப் பதிப்பை, கடைசி எண் மாடலை. இதே காகிதத்தில் ரப்பர் முத்திரையாக இரண்டு எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். 1951ஐ 'ஏ' என்று வைத்துக்கொண்டு வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் 1967க்கு 'க்யூ' வரும். மாதமும் அப்படியே, ஜனவரி 'ஏ', டிசம்பர் 'எல்'. நண்பர் அனுப்பிய படத்தில் 'எஃப்-எச்' என்று மங்கலாகத் தெரிந்தது. அதாவது 1956 ஆகஸ்ட். விற்பவர் சொன்ன 1955 அங்கேயே அடிபட்டுப் போயிற்று. ஒரு வருஷம்தானே என்று தோன்றலாம். ஆனால் 'முழுக்க அசல்' என்று சத்தியம் செய்பவர் முதல் காகிதத்தையே படிக்கவில்லை என்பது தெரிந்துவிடுகிறதல்லவா.

காகிதம் கிழிந்து போயிருந்தாலும் வழி இருக்கிறது. அமெரிக்க ரேடியோ உற்பத்தியாளர்களின் சங்கம் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு எண் கொடுத்திருந்தது. ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர், வால்யூம் கண்ட்ரோல் எதுவானாலும் தயாரித்தவரின் எண், வருடம், வாரம் என்ற வரிசையில் அதன் மேல் அடித்துவிடுவார்கள். 220 என்றால் ஜென்சன் ஸ்பீக்கர். 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு. 606 ஷூமாக்கர் டிரான்ஸ்ஃபார்மர். 304 ஸ்டாக்போல், 137 சிடிஎஸ், இரண்டும் வால்யூம் கண்ட்ரோல்களில் வருபவை. நண்பரின் ஸ்பீக்கர் சட்டத்தில் 220625 என்றிருந்தது: ஜென்சன், 1956, இருபத்தைந்தாவது வாரம், அதாவது ஜூன் மாதக் கடைசி. டிரான்ஸ்ஃபார்மரில் 606, 6, 19: அதே வருடம் மே மாதம். வருடத்துக்கு ஒற்றை எண்தான் என்பதால் இந்த ஆறு 1946ஆகவும் இருக்கலாம், 1966ஆகவும் இருக்கலாம். சூட்கேஸ்களுக்கு ஒட்டுகிற கட்டம்போட்ட பழுப்புத் துணியால் மூடிய பெட்டி அது. 1966இல் அதே தொழிற்சாலை கறுப்பு ரெக்சினுக்குப் போய்விட்டிருந்தது. 1946இல் இந்த வடிவப் பெட்டியே கிடையாது. ஆக எண்ணைப் பெட்டி திருத்துகிறது, பெட்டியை எண் திருத்துகிறது. மேயில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், ஜூனில் செய்த ஸ்பீக்கர், ஆகஸ்டில் சேர்த்து ஒட்டிய காகிதம் என்று கணக்கு ஒழுங்காகவே வந்தது.

வராத இடம் ஒன்று இருந்தது. இடதுபக்க வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 137 6347. சிடிஎஸ், 1963, நவம்பர். ஏழு வருஷம் கழித்துப் பிறந்த உறுப்பு.

இங்கு ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பொருளின் வயதை அதிலுள்ள மிகப் பழைய உறுப்பு சொல்வதில்லை. பூர்வீக உறுப்புகளிலேயே கடைசியாகப் பிறந்தது எதுவோ அதற்கு முன்னால் அந்தப் பொருள் இருந்திருக்க முடியாது, அவ்வளவே. கிடங்கில் கிடந்த சரக்கு தாமதமாகப் பொருத்தப்படும். 1966இல் ஒரேயடியாக வாங்கிப் போட்ட வால்யூம் கண்ட்ரோல்களை ஃபெண்டர் தொழிற்சாலை அடுத்த சில வருடங்களுக்குக் கிதார்களில் போட்டுத் தீர்த்தது. 66 என்ற எண்ணைப் பார்த்தே 66ஆம் வருஷத்துக் கிதார் என்று வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. பிரதிக்குள் பல காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதைப் பற்றி நாமெல்லாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதை ஸ்க்ரூடிரைவர் பிடித்தவர்கள் நம்மைவிடத் துல்லியமாக, வாரக் கணக்கில் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் அந்த வாசிப்பு எதற்காக நடக்கிறது என்று கேட்கிறபோதுதான் சிக்கல். நம்மூரில் ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்த்தால் என்ன கிடைக்கும் என்பது அந்தப் பழமொழியைச் சொன்னவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. பழைய ஆம்ப்ளிஃபயர் சந்தையோ மூலத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. கலப்பில்லாத, கைபடாத, பிறந்த மேனியாக இருக்கும் பொருளுக்கே உச்ச விலை. இந்தத் தூய்மை மொழியை எங்கே கேட்டிருக்கிறோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவர்களுடைய வழியிலேயே போய் மூலத்தைப் பார்த்துவிடுவோம்.

லியோ ஃபெண்டர் 1909இல் பிறந்தவர். 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். 1945இல் டாக் காஃப்மன் என்ற கூட்டாளியுடன் சேர்ந்து கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் செய்தார், அடுத்த வருடம் தனிக் கம்பெனி. கடைசி வரைக்கும் அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அவருடைய தொடக்ககால மின்சுற்றுகளோ ஆர்சிஏ போன்ற வால்வுக் கம்பெனிகள் மலிவுவிலைக் கையேடுகளில் அச்சிட்டு ரிப்பேர்காரர்களுக்குக் கொடுத்த மாதிரிச் சுற்றுகளின் வழிவந்தவை. அந்தக் காகித அட்டவணையிலேயே ஏடி அண்ட் டி, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆகியவற்றின் காப்புரிமைகளுக்கு உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது என்ற வாசகம் இருக்கும். ஃப்ளெமிங் 1904இல் செய்த வால்வுக்குள் டி ஃபாரஸ்ட் 1906இல் மூன்றாவதாக ஒரு கம்பியை நுழைத்தார். தொலைதூரத் தொலைபேசிக்காக அதை வளர்த்தெடுத்தது டெலிபோன் ஏகபோகம். ரேடியோவுக்காக வந்த கையேட்டை ஒரு ரிப்பேர்காரர் புரட்டினார். எந்த இடத்தில் கோடு போட்டு 'இதுதான் மூலம்' என்பது?

மின்சாரக் கிதாரும் அப்படியே. முதலில் சந்தைக்கு வந்தது நாம் படங்களில் பார்க்கும் கிதார் அல்ல. மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் தேய்த்து வாசிக்கும் ஹவாய் கிதார். 1898இல் அமெரிக்கா விழுங்கிய தீவுகளின் இசை 1915 சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பின் பெருநிலத்து வீடுகளில் மோகமாகப் பரவியது. 1932இல் பியூசாம்பும் ரிக்கன்பேக்கரும் விற்ற 'வாணலி' என்ற செல்லப்பெயர் கொண்ட கருவி அந்தச் சந்தைக்கானது. ஃபெண்டரும் காஃப்மனும் 1945இல் செய்ததும் மடிக் கிதார்தான், கூடவே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். ராக் இசையின் ஆண்மை பொங்கும் கருவி என்று சொல்லப்படுவதன் முன்னோர், விழுங்கப்பட்ட ஒரு தீவின் பாட்டுக்காகச் செய்யப்பட்டவர்கள் என்பதை விற்பனைப் பட்டியல்கள் சொல்வதில்லை.

இனி நண்பர் அனுப்பிய ஒன்பதாவது புகைப்படம். சேசிஸின் உள்சுவரில், கம்பிகளுக்கு நடுவே, பழுத்துப்போன மாஸ்கிங் டேப் துண்டு ஒன்று. அதில் ஒரு பெண்ணின் பெயர், கையெழுத்தில்.

ஃபுல்லர்டன் ஆரஞ்சுத் தோட்டங்களின் ஊர். தோட்டங்களிலும் பழம் பொட்டலம் கட்டும் கொட்டகைகளிலும் வேலை செய்தவர்களில் பெரும் பகுதி மெக்சிகோ வம்சாவளியினர். அதே ஆரஞ்சு கவுன்டியில் நான்கு பள்ளி மாவட்டங்கள் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் வைத்திருந்தன. மெண்டெஸ் குடும்பமும் வேறு சில குடும்பங்களும் வழக்குப் போட்டு, 1946இல் தீர்ப்புக் கிடைத்து, 1947இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கான 1954 உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கு ஏழு வருடம் முந்தையது இது. ஃபெண்டரின் தொழிற்சாலை வளர்ந்தது இந்த வருடங்களில், இந்த ஊர்களின் நடுவில். ஐம்பதுகளின் புகைப்படங்களில் நீள மேசைகளில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஈயம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பலர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். கறுப்பு அட்டையில் பித்தளைக் கண்ணிகள் அடித்து, ஒவ்வொரு கண்ணியிலும் மின்தடையின் காலையும் கண்டன்சரின் காலையும் துணி சுற்றிய கம்பியையும் செருகி, ஒரு சொட்டு ஈயம். 'கைவேலை', 'அந்தக் காலத்து ஒயரிங்' என்று இன்று எதற்கு விலை வைக்கப்படுகிறதோ அது இந்தப் பெண்களின் விரல்கள் செய்த வேலை. முடித்த ஆம்ப்ளிஃபயருக்குள் தன் பெயரை எழுதி ஒட்டுவது அங்கே வழக்கமாயிருந்தது.

எதற்காகப் பெயர்? பழுது வந்தால் யார் கை என்று கண்டுபிடிப்பதற்காக என்பதாகவே நான் வாசிக்கிறேன். ஓவியத்தின் மூலையில் ஓவியர் போடும் கையொப்பம் வேறு, சட்டையின் உள்ளே பரிசோதகர் எண் வேறு. இந்த டேப் இரண்டாவது வகை. ஆனால் அறுபது எழுபது வருஷம் கழித்து அது முதல் வகையாக மாற்றப்பட்டுவிட்டது. குறிப்பிட்ட பெயர் இருந்தால் விற்பவர்கள் அதைத் தலைப்பிலேயே போடுகிறார்கள். கண்காணிப்பின் தடயம் இன்று தூய்மைச் சான்றிதழ். உழைப்பை மறைப்பதுதான் சரக்கின் இயல்பு என்று படித்து வளர்ந்தவன் நான். உழைப்பின் தடயத்தையே சரக்கின் அலங்காரமாக்க முடியும் என்பதை இந்த டேப்தான் எனக்குக் காட்டியது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பட்டியல்களில் அது போதிய அளவு விற்றாகிவிட்டது. பொதுவில் அறியப்பட்ட ஒருவரை வேண்டுமானால் சொல்லலாம். கிதார்களுக்கான காந்தச் சுருள்களைச் சுற்றிய அபிகேல் இபார்ரா 1956இல் ஃபெண்டரில் சேர்ந்தார், 2013இல் ஓய்வு பெற்றார். முதலாளிகள் மாறினார்கள், தொழிற்சாலை இடம் மாறியது, அந்தம்மா சுருள் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் அவருடைய கையெழுத்துக்கே தனி விலை வந்தது. இப்படி ஒருவருக்கு வந்தது என்பதை நூறு பேருக்கு வரவில்லை என்பதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

சரி, செய்தவர்களை விட்டு வாசித்தவர்களிடம் வருவோம். பொறியாளரின் கண்ணில் ஆம்ப்ளிஃபயரின் வேலை, உள்ளே வந்ததை அப்படியே பெரிதாக்கி வெளியே விடுவது. அளவுக்கு மீறித் திருகினால் வால்வு தன் எல்லையைத் தொட்டு அலையின் தலையை மழுக்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நிறைந்து திணறும். மின்னோட்டத்தைச் சீராக்கும் வால்வு ஒரு கணம் தளர்ந்து மறுபடி நிமிரும். ஒலி கரகரத்து, தடித்து, நீண்டு ஒலிக்கும். எங்கள் மைக் செட் முதலாளி இதற்கு வைத்திருந்த பெயர் 'தொண்டை கட்டிக்கிச்சு'. லியோ ஃபெண்டருக்கும் அது குற்றமே. சுத்தமான ஒலி வேண்டும் என்பதற்காகத்தான் அவர் சுற்றைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் குற்றத்தைத் தங்கள் குரலாக எடுத்துக்கொண்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு மிசிசிப்பியிலிருந்து மெம்ஃபிஸ் நகரத்துக்கு, சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் காரில் போனது. வழியில் கிதார்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் சேதமானது. ரிப்பேர் பார்க்க நேரமுமில்லை, காசுமில்லை. கிழிந்த ஸ்பீக்கர் கூம்புக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசித்தார்கள். 'ராக்கெட் 88' என்ற அந்தத் தட்டில் கேட்கும் உறுமல் அதுதான். 1958இல் லிங்க் ரே என்ற ஷாவ்னி பழங்குடி வழிவந்த கலைஞர் ஸ்பீக்கர் கூம்பில் பென்சிலால் வேண்டுமென்றே ஓட்டை போட்டார். ஏழு வருடத்துக்குள் விபத்து நுட்பமாகிவிட்டது.

மடி வாட்டர்ஸ் ஸ்டோவல் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். தெற்கிலிருந்து வடக்கே போன லட்சக்கணக்கான கறுப்பின மக்களில் ஒருவர். கிராமத்துத் திண்ணையில் போதுமாயிருந்த மரக் கிதார் அந்த நகரத்து மதுக்கடை இரைச்சலில் கேட்கவில்லை. நாற்பதுகளின் நடுவில் மின்சாரக் கிதாருக்கு மாறினார். மேக்ஸ்வெல் தெருவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. வாசிப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏதோ கொடுத்து, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, நடைபாதையில் ஆம்ப்ளிஃபயரை வைத்து வாசித்தார்கள். அந்தச் சந்தையை 1994இல் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக அப்புறப்படுத்தினார்கள்.

அவர்கள் எல்லோரும் ஃபெண்டர்தான் வைத்திருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிகாகோவிலேயே வால்கோ என்ற தொழிற்சாலை இருந்தது. ஒரே சரக்கை சுப்ரோ, நேஷனல், ஏர்லைன் என்று வெவ்வேறு பெயரில் அனுப்பும். ஏர்லைன் என்பது மாண்ட்கோமரி வார்டு கம்பெனியின் தபால் பட்டியலுக்கான பெயர். சியர்ஸ் பட்டியலில் சில்வர்டோன் என்று வந்தவற்றில் பலவற்றை நியூஜெர்சியில் டேன்எலெக்ட்ரோ செய்தது. 1962இல் கிதாரின் பெட்டியிலேயே ஆம்ப்ளிஃபயரை வைத்துத் தைத்தமாதிரி ஒன்றை விற்றார்கள். தெற்கு மாநிலங்களில் கடைக்குள் போனால் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டிய ஒருவருக்குத் தபால் பட்டியல் என்பது வெறும் சௌகரியமல்ல. பணத்தை அனுப்பினால் பெட்டி வரும், நிறம் கேட்காது. அழுத்தப் பலகையும் சிக்கன டிரான்ஸ்ஃபார்மரும் கொண்ட இந்த ஏழை ஆம்ப்ளிஃபயர்கள் சீக்கிரமே திணறும். அந்தத் திணறல்தான் அவற்றின் அழகு என்று ஆன பிறகு இவற்றின் விலையும் ஏறிவிட்டது. 1969இல் வெளியான லெட் செப்பெலினின் முதல் தட்டில் ஜிம்மி பேஜ் சுப்ரோ ஒன்றைப் பயன்படுத்தினார் என்பது தெரியவந்ததும் சுப்ரோவுக்கு வம்சப் பெருமை வந்துவிட்டது. அதை ஏழ்மையால் வாங்கி வாசித்தவர்களால் வராத பெருமை.

நகல் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபெண்டர் பேஸ்மேன் 1952இல் பேஸ் கிதாருக்காக வந்தது. 1958 வாக்கில் 5எஃப்6-ஏ என்ற பதிப்பில் பத்தங்குல ஸ்பீக்கர் நான்கு. பேஸ் வாசிப்பவர்களைவிட மற்றவர்களுக்கே அது அதிகம் பிடித்தது. லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் 1962இல் அதைப் பார்த்து ஒன்றைச் செய்தார். இறக்குமதிச் சரக்கு எட்டாத விலை என்பதுதான் காரணம். சுற்று ஏறக்குறைய அதுவே. ஆனால் முதல் வால்வு வேறு, டிரான்ஸ்ஃபார்மர் உள்ளூர், ஸ்பீக்கர் செலஸ்டியன், பெட்டி பின்பக்கம் மூடியது. இந்தத் 'தவறுகள்' எல்லாம் சேர்ந்து வேறொரு குரலாகிவிட்டன. அதற்குள்ளே சிகாகோவின் பாட்டுகளை வெள்ளைக்கார இளைஞர்கள் வாசித்து அமெரிக்காவுக்கே திருப்பி விற்றார்கள். இன்று அறுபதுகளின் மார்ஷல் அசல்களைத் தேடி, அவற்றின் நகல்களை ஒதுக்குகிறார்கள். இயந்திர மறுஉற்பத்தியில் பொருள் தன் ஒளிவட்டத்தை இழக்கும் என்று வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதினார். ஆயிரக்கணக்கில் வந்த இயந்திரச் சரக்குக்கே ஒளிவட்டம் தயாரித்துக் கொடுக்கும் சந்தையை அவர் பார்க்கவில்லை.

இந்த ஒளிவட்டத் தயாரிப்பில் ஒரு புராணம் முக்கியமானது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் 130 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் பொற்காலம், பின் கலிகாலம் என்பது சேகரிப்பாளர் உலகின் வேதவாக்கு. சேசிஸைத் திறந்து பார்த்தால் கோடு அங்கே விழவில்லை. 1963இல் வந்த கறுப்பு முகப்பு ஆம்ப்ளிஃபயர்கள் 1967 வரை பெரும்பாலும் அதே சுற்றோடு, அதே மேசைகளில் தயாராயின. பிறகுதான் வெள்ளி முகப்பும் ஒயரிங் சிக்கனங்களும். 1964 டிசம்பரில் முத்திரை குத்தியதும் 1965 மார்ச்சில் குத்தியதும் ஒரே பெண்ணின் கையால் ஒரே மாதிரி ஈயம் வைக்கப்பட்டவையாக இருக்கலாம். விலை மட்டும் வேறு. நிர்வாகம் கைமாறிய தேதியை உழைப்பு மாறிய தேதியாக எழுதுவது வரலாற்றுக்குப் புதிதல்ல. நாம் அரசர் பட்டியல் போட்டுப் படித்தவர்கள்தானே.

வாங்குபவருக்கு என்ன சொல்வது? வால்வுகளை வைத்து வயதை நம்பக் கூடாது. அவை பல்பு மாதிரி, மாற்றுவதற்கென்றே இருப்பவை. கண்ணாடியில் அச்சிட்ட பெயரையும் நம்பக் கூடாது. கம்பெனிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் சரக்கு வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்வது அந்தக் காலத்திலேயே சகஜம். டெலிஃபுங்கன் ஈசிசி83 என்றால் அடிக் கண்ணாடியில், கால்களுக்கு நடுவே, ஒரு வைர வடிவம் புடைத்திருக்க வேண்டும். பெயரை யாரும் அச்சிடலாம், அச்சில் ஊற்றிய கண்ணாடியைப் போலி செய்வது அவ்வளவு சுலபமல்ல. ஆர்சிஏ 1976இல் வால்வு தயாரிப்பை நிறுத்தியது. மற்ற மேற்கத்தியத் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடின. அதன்பின் உலகத்துக் கிதார்காரர்கள் ரஷ்யாவின் சாரடோவ், ஸ்லோவாக்கியா, சீனா என்ற மூன்று இடங்களை நம்பியே காலம் தள்ளினார்கள். 2022 மார்ச்சில் உக்ரைன் போரையொட்டி ரஷ்யா ஏற்றுமதித் தடை போட்டபோது விலை ஒரே வாரத்தில் எகிறியது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நம்முடைய ரேடியோக்களுக்காக அறுபதுகளிலிருந்து செய்த வால்வுகளும் இப்போது வெளிநாட்டுப் பட்டியல்களில் வருகின்றன. எங்கள் கடையில் நாங்கள் டப்பா டப்பாவாகப் பார்த்த அதே சரக்கு. குப்பையில் எறிந்ததை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது.

ஈயத்தைப் பார்க்க வேண்டும். ஐம்பதுகளின் ஈயம் மங்கி, சாம்பல் பூத்து இருக்கும். நடுவில் ஒரு சொட்டு பளபளத்தால் அங்கே பிறகு ஒரு கை வந்திருக்கிறது. கை வந்திருப்பது குறையல்ல. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கண்டன்சர்கள் உள்ளேயே உலர்ந்து போகிறவை. ஐம்பது வருஷத்துப் பழசை அப்படியே விட்டு, சுவிட்சைப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொன்றுவிடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் நானூறு வோல்ட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடியவையும் அவையே. "கரண்டை நிறுத்தினா போச்சுன்னு நினைக்காதடா, அது உள்ள தூங்காம உக்காந்திருக்கும்" என்று முதலாளி முதல் நாளே சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, தொட்டும் காட்டினார்.

இதைவிட முக்கியம் மின்கம்பி. ஐம்பது, அறுபதுகளின் அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களுக்கு இரண்டு கால் பிளக். நில இணைப்புக் கிடையாது. மின்னோட்டத்துக்கும் இரும்புச் சேசிஸுக்கும் நடுவே இரைச்சலைக் குறைக்க ஒரு சின்னக் கண்டன்சர். அது பழுதானால் சேசிஸில் மின்சாரம், சேசிஸிலிருந்து கிதார் கம்பிக்கு, கம்பியிலிருந்து விரலுக்கு. ரிப்பேர்காரர்கள் அதை மரணக் கண்டன்சர் என்றே அழைக்கிறார்கள். நில இணைப்பு இல்லாத கருவிகள் என்ன செய்யும் என்பது 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சியில் எல்லோர் கண்முன்னும் நடந்தது. ஸ்டோன் த குரோஸ் குழுவின் லெஸ்லி ஹார்வி கிதாரோடு நின்றபடியே நில இணைப்பில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். அப்படியிருந்தும் 'அசல் இரண்டு கால் கம்பி' என்று பெருமையாக எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று கால் கம்பி மாற்றியிருந்தால் விலை குறைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தூய்மைக்காகச் சாகத் தயாராக இருப்பவர்களை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம். இவர்கள் அடுத்தவர் சாவதற்குத் தயாராக இருக்கிறார்கள்.

நண்பருக்கு நான் எழுதியது இதுதான். ஆம்ப்ளிஃபயர் 1956 ஆகஸ்டைச் சேர்ந்தது. டிரான்ஸ்ஃபார்மரும் மஞ்சள் நிற ஆஸ்ட்ரான் கண்டன்சர்களும் பூர்வீகம். ஸ்பீக்கரின் சட்டம் பூர்வீகம், கூம்புக் காகிதம் புதிது. பெரிய கண்டன்சர்கள் மாற்றப்பட்டவை, மின்கம்பி மூன்று கால், இரண்டும் நல்லதே. ஒரு வால்யூம் கண்ட்ரோல் 1963. ஆக 'முழுக்க அசல்' என்பது பொய், அந்தப் பொய்க்கான விலையைக் குறைத்துக்கொண்டு வாங்குங்கள். எதுவுமே மாறாத ஆம்ப்ளிஃபயர் என்றால் யாருமே வாசிக்காத ஆம்ப்ளிஃபயர் என்று அர்த்தம், இது வாசிக்கப்பட்டிருக்கிறது. விற்பவர் முதலில் முறுக்கினாராம், வாரம் கழித்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

வாங்கிய பிறகு நண்பர் மறுபடி எழுதினார். 1956ஆம் வருட எண் உள்ள ஸ்டாக்போல் வால்யூம் கண்ட்ரோல்களைத் தனியாக எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்களாம். எங்கோ ஒரு செத்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கியது. அதைப் போட்டுவிட்டால் நாளைக்கு விற்கும்போது சரியாகிவிடுமே, என்ன சொல்றீங்க என்றார். நான் அந்தப் புகைப்படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். 1963இலோ அதற்குப் பிறகோ யாரோ ஒருவர் அந்த கண்ட்ரோலை மாற்றியிருக்கிறார். பழைய ஈயத்தைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்து, துணி சுற்றிய கம்பியின் நுனியைக் கருகவிடாமல், ஒரு கொக்கி மாதிரி வளைத்து மாட்டி, அளவாக ஒரு சொட்டு வைத்திருக்கிறார். முதலில் கொக்கி நிற்க வேண்டும், ஈயம் பிறகு என்று எங்கள் கடையிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் டேப் எதுவும் ஒட்டவில்லை. வேண்டாம், அதை அப்படியே விடுங்க என்று பதில் போட்டேன். திருகும்போது கொஞ்சம் கரகரக்கிறது என்றார் நண்பர். கான்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு விட்டு, இப்படியும் அப்படியுமா இருபது தடவை திருகச் சொல்லியிருக்கிறேன்.